கட்டிப் போட்டால் குட்டி போடுமாம் காயின்! வட்டி ஆசையில் முதலுக்கே வேட்டு!

விருதுநகர்,

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைகளுக்குப் பூட்டு விழும். மழைக்காலம், மருந்து காயாது. பூஜை போட்டு ஆலையை மறுபடி திறக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தொழிலாளி கையில் போனஸ் பணம் இருக்கும், வேலை இருக்காது. கடைக்காரர் கையில் சீசன் வசூல் இருக்கும், அதை எங்கே போட்டு வைப்பது என்று யோசித்துக் கொண்டிருப்பார்.

ஆசை காட்டுகிறவனுக்கு இதைவிடத் தோதான நேரம் ஏது?

முன்பெல்லாம் ஊரை ஏமாற்ற வேண்டுமானால் ஒரு ஆபீஸ் போட வேண்டும். குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வேண்டும். இப்போது அந்தச் செலவெல்லாம் மிச்சம். செல்போன்தான் ஆபீஸ். வாட்ஸ்அப் குரூப்தான் கிளை. டெலிகிராம்தான் கேஷ் கவுண்டர்!

பேச்சு இப்படித்தான் ஆரம்பமாகும்:

"அண்ணாச்சி, பேங்க்ல போட்டு என்னத்தக் கண்டீக? காயின் வாங்குங்க. வாங்கி சும்மா வைக்காதீக, ஸ்டேக்கிங்ல கட்டிப் போடுங்க. மாசம் பொறந்தா வட்டி. நீங்க நாலு பேரச் சேத்து விட்டா அதுக்குத் தனியா போனஸ்!"

கேட்கக் காது குளிரும். ஆனால் இந்தக் கதை இந்தியாவிலும் வெளிநாட்டிலும் எப்படி முடிந்தது என்று பார்த்தால் வயிறு கலங்கும்.

ஏன் காது கொடுக்கிறார்கள்?

பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தள்ளிவிட முடியாது. நாட்டு நிலைமையும் ஒரு காரணம்.

2025 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 6.50 சதவீதமாக இருந்தது. பிப்ரவரியில் குறைக்க ஆரம்பித்தார்கள். டிசம்பரில் அது 5.25-க்கு வந்து நின்றது. ரெப்போ இறங்கினால் டெபாசிட் வட்டியும் பின்னாலேயே இறங்கும். வீட்டுக்கடன் வாங்கியவருக்குக் கொண்டாட்டம். டெபாசிட் வட்டியில் காலம் தள்ளும் ரிடையர்டு குமாஸ்தாவுக்குத் திண்டாட்டம்.

அதே 2025 டிசம்பரில் ஒரு டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது. "ரூபாய் தேயுது, காயின் ஏறுது" என்று பேச இது வசதியாகப் போயிற்று.

நம் ஊர்த் தொழில்களும் அடி மேல் அடி வாங்கியவைதான். 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. பிறகு கொரோனா வந்தது. டெல்லி வட்டாரத்தில் பல வருடங்கள் பட்டாசு விற்கவே முடியவில்லை. 2025 அக்டோபரில்தான், அதுவும் பசுமைப் பட்டாசுக்கு மட்டும், நாலு நாள் அனுமதி கிடைத்தது.

தீப்பெட்டி கதை இன்னும் பரிதாபம். பெட்டி ஒரு ரூபாய் என்று 14 வருடம் ஓட்டினார்கள். 2021 டிசம்பர் 1-ல்தான் 2 ரூபாய் ஆனது. அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு 2023-ல் தடை செய்ய வேண்டி வந்தது.

ஆக, உழைத்தால் வரும் காசு நிச்சயமில்லை. சேமித்தால் வரும் வட்டியும் போதவில்லை. இந்தச் சந்தில்தான் காயின்காரன் நுழைகிறான்.

ஸ்டேக்கிங் என்றால் என்ன?

நிஜமான ஸ்டேக்கிங் என்று ஒன்று உண்டு. அது மோசடி அல்ல.

ஈத்தரியம் என்ற காயின் 2022 செப்டம்பர் 15-ல் இந்த முறைக்கு மாறியது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பேரேட்டைச் சரிபார்க்கும் வேலைக்குக் கம்ப்யூட்டர்கள் வேண்டும். அந்த வேலையைச் செய்ய வருகிறவர் 32 ஈத்தர் காயினை ஜாமீன் போலக் கட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் கூலி. தில்லுமுல்லு செய்தால் ஜாமீனில் வெட்டு.

அந்தக் கூலி எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு!

அதுவும் ரூபாயில் கிடையாது, காயினில்தான். காயின் விலை பாதியானால் 3 சதவீதக் கூலியை வைத்து என்ன செய்வது?

ஒரு கணக்கு. காயின் ஒன்று 100 ரூபாய். லட்ச ரூபாய்க்கு ஆயிரம் காயின் வாங்கிக் கட்டிப் போடுகிறீர்கள். வருடத்துக்கு 60 சதவீதம் வட்டி என்கிறான். சொன்ன சொல் தவறாமல் கொடுக்கவும் செய்கிறான். ஆயிரம் காயின் ஆயிரத்து அறுநூறு ஆகிவிட்டது. ஆனால் காயின் விலை 5 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. கையில் இருப்பது 8 ஆயிரம் ரூபாய்! வட்டி வந்தது, முதல் போய்விட்டது. நடுவில் விற்றுவிட்டு ஓடலாம் என்றாலும் வழியில்லை. கெடு முடியும் வரை பூட்டு.

மாதம் 10 சதவீதம்!

இனி நடந்த கதைக்கு வருவோம்.

2015 வாக்கில் அமித் பரத்வாஜ் என்பவர் 'கெயின் பிட்காயின்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். பிட்காயினைக் கொடுங்கள், மாதம் 10 சதவீதம் பிட்காயினாகவே திருப்பித் தருகிறோம், 18 மாதம் தருகிறோம் என்றார்கள். ஆள் சேர்த்தால் கமிஷன். நாடு முழுக்க சங்கிலி நீண்டது.

ஆரம்பத்தில் பணம் வந்தது. அப்புறம் பிட்காயின் நின்றது. அதற்குப் பதில் 'எம்கேப்' என்று தாங்களே உண்டாக்கிய காயினைக் கொடுத்தார்கள். பிட்காயினைக் கொடுத்தவன் பெயர் தெரியாத காயினோடு நின்றான்.

2018-ல் பரத்வாஜை புனே போலீசார் கைது செய்தனர். திரட்டிய பிட்காயினின் மதிப்பு 2017 விலையிலேயே 6 ஆயிரத்து 600 கோடி ரூபாய் என்பது அமலாக்கத் துறை சொல்லும் கணக்கு. வழக்கு முடியும் முன்பே 2022 ஜனவரியில் பரத்வாஜ் இறந்து போனார். பிறகு சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2025 பிப்ரவரியில் நாடு முழுக்க 60 இடங்களில் சோதனை போட்டார்கள். திட்டம் தொடங்கிப் பத்து வருடம் ஆன பிறகும் வழக்கு நடந்து கொண்டிருந்தது!

மாதம் 10 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்? வட்டியை எடுக்காமல் விட்டால் லட்ச ரூபாய் ஒரு வருடத்தில் 3 லட்சத்து 13 ஆயிரம். அஞ்சு வருடத்தில் 3 கோடியே 4 லட்சம்! நாளுக்கு ஒரு சதவீதம் என்று ஆசை காட்டுகிறவனுக்கும் கணக்கு இருக்கிறது. அப்படியானால் லட்ச ரூபாய் ஒரே வருடத்தில் 37 லட்சம் ஆக வேண்டும்.

விருதுநகர் பஜாரில் மல்லி, வத்தல், உளுந்து மொத்தமாக வாங்கி விற்கும் எந்தப் பேட்டை வியாபாரியும் இந்த லாபம் கண்டதில்லை. கண்டிருந்தால் கணக்குப்பிள்ளை கூட அடுத்த வருடம் மில் வைத்திருப்பார்.

வெளிநாட்டிலும் இதே கதை

படித்தவன், டாலரில் புழங்குகிறவன் ஏமாற மாட்டான் என்று நினைக்க வேண்டாம்.

தென்கொரியாவைச் சேர்ந்த டோ குவான் என்பவர் டெர்ரா, லூனா என்று இரட்டைக் காயின் நடத்தினார். ஒரு காயின் எப்போதும் ஒரு டாலர் விலையிலேயே நிற்கும் என்றார்கள். அதைப் போட்டு வைத்தால் வருடத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி. அமெரிக்காவில் பேங்க் வட்டி பேருக்குத்தான் இருந்த நேரம் அது. கூட்டம் அலைமோதியது.

2022 மே மாதம் ஒரே வாரம்தான்! ஒரு டாலர் காயின் சரிந்தது. ஏப்ரலில் 119 டாலர் வரை போன லூனா ஒரு சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. காற்றில் போனது 4 ஆயிரம் கோடி டாலர் என்கிறார்கள். டோ குவான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 டிசம்பரில் அமெரிக்க கோர்ட்டு 15 ஆண்டு சிறை விதித்தது.

அடுத்த மாதமே 'செல்சியஸ்' கம்பெனி. பேங்க்கை விட எங்களிடம் அதிக வட்டி என்று விளம்பரம் செய்த கம்பெனி அது. 2022 ஜூன் 12-ல் யாரும் பணம் எடுக்க முடியாது என்று கதவைச் சாத்தியது. ஜூலையில் திவால். கம்பெனியின் தலைவர் அலெக்ஸ் மஷின்ஸ்கிக்கு 2025 மே மாதம் 12 ஆண்டு சிறை.

அதே ஜூலை 4-ல் இந்தியர்கள் பலர் பணம் போட்டிருந்த 'வால்ட்' என்ற சிங்கப்பூர் கம்பெனியும் கதவைச் சாத்தியது. இதுவும் காயினைப் போட்டால் வட்டி தருகிறோம் என்ற கம்பெனிதான்.

நம்பினோர் கண்ட பலன்? ஆண்டுக்கணக்கில் கோர்ட்டும் கையுமாக அலைந்ததுதான்!

சென்னை ஐகோர்ட்டு சொன்னது

நம் பக்கத்து வழக்கு ஒன்று இருக்கிறது. காயின் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டியது.

'வாசிர்எக்ஸ்' என்பது இந்தியாவின் பெரிய காயின் சந்தைகளில் ஒன்று. 2024 ஜூலை 18-ல் அதன் பெட்டகத்தில் கன்னம் வைத்தார்கள். போனது ஏறக்குறைய 23 கோடி டாலர். நம் ரூபாயில் 2 ஆயிரம் கோடியை ஒட்டி! வடகொரியக் கும்பலின் கைவரிசை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

திருட்டு நடந்ததும் எல்லாருடைய கணக்கும் முடங்கியது. காயின் களவு போனவருக்கும் முடக்கம், போகாதவருக்கும் முடக்கம். நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும் என்றது கம்பெனி.

ஒரு பெண் முதலீட்டாளர் விடவில்லை. 2024 ஜனவரியில் ரூ.1 லட்சத்து 98 ஆயிரத்து 516 கொடுத்து அவர் வாங்கியிருந்தது எக்ஸ்.ஆர்.பி. என்ற ரகம், 3 ஆயிரத்து 532 சொச்சம் காயின். திருடு போனது வேறு ரகம். "என் சரக்கு பத்திரமாக இருக்கிறது, அடுத்தவர் நஷ்டத்தை என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?" என்பதுதான் அவருடைய வாதம்.

2025 அக்டோபர் 25-ல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ காயின் கையில் தொட்டுப் பார்க்கும் பொருள் அல்ல, நாணயமும் அல்ல. ஆனாலும் அது ஒருவர் அனுபவிக்கக் கூடிய, வைத்துக் கொள்ளக் கூடிய சொத்துதான், அடுத்தவருக்காக நம்பிக்கையாக வைத்திருக்கக் கூடிய சொத்துதான் என்றார். ரூ.9 லட்சத்து 56 ஆயிரத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும் அல்லது அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவிட்டார்.

முதலீட்டாளருக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் இதில் இன்னொரு சேதியும் இருக்கிறது. தன் காயினுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு வாங்கவே ஒருவர் ஐகோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. அதுவும் கம்பெனிக்கு இந்தியாவில் பெயர், முகவரி, ஆள் எல்லாம் இருந்ததால்!

டெலிகிராம் குரூப்பில் முகம் தெரியாமல் 'ஸ்டேக்கிங்' நடத்துகிறவன் மேல் எந்தக் கோர்ட்டில் கேஸ் போடுவது? சம்மனை எந்த ஊருக்கு அனுப்புவது?

வரி கட்டினால் சட்டப்படி சரியா?

"அரசாங்கமே வரி வாங்குதே, அப்புறம் என்ன பயம்?" என்று ஒரு வாதம் கிளப்புவார்கள்.

காயின் வியாபாரத்துக்குத் தடை இல்லை என்பது உண்மை. 2018-ல் ரிசர்வ் வங்கி போட்ட கட்டுப்பாட்டை 2020 மார்ச் 4-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி வந்தது. ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் ஒரு சதவீதம் பிடித்தம் வந்தது.

ஆனால் வரி வேறு, அங்கீகாரம் வேறு. காயினுக்குப் பின்னால் எந்த ஆதார மதிப்பும் இல்லை, ஒரு துலிப் பூவின் மதிப்பு கூட இல்லை என்று அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் 2022 பிப்ரவரியில் பகிரங்கமாகவே எச்சரித்தார்.

வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு காயினில் 50 ஆயிரம் லாபம். இன்னொரு காயினில் 50 ஆயிரம் நஷ்டம். கூட்டிக் கழித்தால் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் நஷ்டத்தைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. லாபத்துக்கு மட்டும் 30 சதவீதம், அதன் மேல் செஸ் 4 சதவீதம். ஆக 15 ஆயிரத்து 600 ரூபாய் வரி கட்ட வேண்டும். கடை கண்ணி வைத்திருப்பவருக்கு இது புதுசு. மல்லியில் போனதை வத்தலில் எடுக்கும் கணக்கு இங்கே செல்லாது.

நாடுகளே சூடு பட்டன

காயின் வந்தால் நாட்டுக் கஷ்டம் தீரும் என்று நம்பிய அரசாங்கங்களும் உண்டு.

பணவீக்கத்தில் மூழ்கிய வெனிசுலா, தன் எண்ணெய் வளத்தைக் காட்டி 2018-ல் 'பெட்ரோ' என்று அரசாங்கக் காயினே விட்டது. சீந்துவாரில்லை. 2024 ஜனவரியில் மூட்டை கட்டினார்கள்.

எல் சால்வடார் என்ற சின்ன நாடு 2021 செப்டம்பர் 7-ல் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணம் ஆக்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது. கடைசியில் சர்வதேச நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் கேட்க வேண்டி வந்தது. 2025 ஜனவரியில், கடைக்காரர்கள் பிட்காயினை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

ஒரு நாட்டுக் கஜானாவுக்கே தாங்காத சூதாட்டம், தொழிலாளி வீட்டு அலமாரிக்குத் தாங்குமா?

தேக்கு, ஈமு, தங்கம், காயின்!

தமிழ்நாட்டுக்கு இது புதுக் கதையும் அல்ல. தேக்கு மரம் வளர்த்துப் பணமாக்கித் தருகிறோம் என்ற அனுபவ் கம்பெனி 1998-ல் கவிழ்ந்தது. ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்ற பெருந்துறை சுசி பண்ணை 2012-ல் கவிழ்ந்தது. லட்சம் போட்டால் மாதம் 25, 30 ஆயிரம் என்ற ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் 2022 மே மாதம் போலீசார் நுழைந்தனர். அதில் ஒரு லட்சம் பேரிடம் ரூ.2 ஆயிரத்து 438 கோடி வசூல் என்பது பொருளாதார குற்றப் பிரிவு போலீசார் கணக்கு.

சரக்குதான் மாறுகிறது. அன்று மரம், நேற்று கோழி, இன்று காயின். புதிதாக வருகிறவன் பணத்தை எடுத்துப் பழையவனுக்குக் கொடுக்கும் வேலை மட்டும் மாறவே இல்லை. 'நாலு பேரைச் சேர்த்து விடு' என்று ஏன் சொல்கிறான் என்பது இப்போது புரிகிறதா?

இதில் பெரிய கொடுமை, சேர்த்து விடுகிறவன் வெளியாள் இல்லை. மச்சான், மாமன், பக்கத்துக் கடைக்காரர், ஒரே ஷெட்டில் வேலை செய்யும் ஆள். தலைமைப் புள்ளி கம்பி நீட்டிய பிறகு வீட்டு வாசலில் கூட்டம் கூடுவது இவர்கள் வீட்டில்தான்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி

விருதுநகர் பேட்டையில் யாராவது மூட்டையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பார்களா? குடோன் சாவி யாரிடம் என்று கேட்காமல் சரக்கு இறக்குவார்களா? அந்தப் புத்தி போதும்.

ஒன்று: வட்டி எங்கிருந்து வருகிறது? என்ன தொழில், யாருக்கு என்ன விற்று வரும் லாபம்?

இரண்டு: வட்டி எதில் வருகிறது? ரூபாயிலா, அவனே உண்டாக்கிய காயினிலா?

மூன்று: சாவி யாரிடம்? நாளைக்கே முழுப் பணமும் வேண்டும் என்றால் வருமா, 'லாக்' என்பானா?

மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

பேங்க் வட்டி குறைவுதான். ஆனால் பேங்க் மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனிக்கு 1982 சட்டம் இருக்கிறது. காயின் ஸ்டேக்கிங்குக்கு அப்படி இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது.

ஏற்கெனவே பணம் போட்டு மாட்டிக் கொண்டவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார வேண்டாம். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு. ஆள் சேர்த்து டெபாசிட் வாங்கிய மோசடி என்றால் பொருளாதார குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். டெபாசிட்தாரர் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்கக் கூடாது.

'விட்டதை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று இன்னொருவன் போன் செய்வான். அவனிடம் இரண்டாவது முறை ஏமாறாமல் இருப்பது அதைவிட முக்கியம்!

பட்டாசுக்குத் திரி வெளியே தெரியும். எவ்வளவு நேரத்தில் வெடிக்கும் என்று நம் ஊர்ச் சின்னப் பையன் கூடச் சொல்லிவிடுவான். இந்தக் காயின் வெடியில் திரி ஆசை காட்டுகிறவன் கையில் இருக்கிறது. பற்ற வைத்துவிட்டு அவன் ஓடிவிடுவான். பக்கத்தில் நிற்பது நாம்தான். உஷார்!